பங்குனி வெயிலில் பனிமலை

“மழை பெய்து நிறையாத குளம் பனி பெய்து நிறையுமா?” என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. பனி என்றால் நமக்கு மார்கழி விடியற்காலைப் பனிதான். கோலம் போடும் கை விறைக்கும். பூசணிப் பூவின் மேல் துளி நிற்கும். எட்டு மணி வெயில் வந்தால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அந்தப் பனிக்குக் கனம் உண்டு என்றோ, அது மனிதனை மூடிப் புதைக்கும் என்றோ நம் பாட்டிமார் நமக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை.

ஆனால் தலைநகரில் பிழைப்பு நடத்தும் தமிழனுக்கு அந்த அவசியம் வந்துவிட்டது. மார்ச் மாதக் கடைசியில் பிள்ளைகளின் தேர்வு முடிகிறது. புதிய வகுப்பு தொடங்குவதற்குள் நாலைந்து நாள் கிடைக்கிறது. ஊருக்குப் போய் வர அந்த நாட்கள் போதா. போய் வரவே நான்கு நாள் ரயிலில் கழிந்துவிடும். ஆகவே காஷ்மீரி கேட்டில் இரவு பஸ் ஏறி மணாலிக்கோ, ரயிலில் ஹரித்வார் போய் அங்கிருந்து மேலேயோ போகிறோம். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கேங்டாக் வரை போகிறார்கள். 2020 அக்டோபரில் ரோதாங் கணவாயின் அடியில் ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்தது. 2025 ஜூனில் காஷ்மீர் பள்ளத்தாக்குக்கே ரயில் இணைப்பு வந்துவிட்டது. மலைக்குப் போகும் வழி எளிதாகிவிட்டது; மலை எளிதாகிவிடவில்லை.

இதிலே நம்மவர்களுக்கு உள்ள ஒரு தப்பெண்ணத்தைப் பற்றியே இக்கட்டுரை. குளிர்காலம் போய்விட்டது, வெயில் வந்துவிட்டது, வானம் நிர்மலமாக இருக்கிறது, ஆகவே இனிப் பனிமலையில் பயமில்லை என்று நினைக்கிறோம். உண்மை வேறு. அந்த இளவெயிலே பனியை நகர்த்துகிறது. பங்குனி, சித்திரையில் பனிமலை விழிக்கிறது என்று சொன்னால் தப்பில்லை. விழிக்கும் நேரம் அநேகமாக நண்பகலுக்குப் பிறகு.

நாதுலாவில் நடந்தது

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி. கேங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குச் செல்லும் ஜவஹர்லால் நேரு சாலையில், 15-ஆவது மைல் அருகே, நண்பகல் வேளையில் பனிச்சரிவு விழுந்தது. சுற்றுலா வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்கிப் பனியில் நின்று கொண்டிருந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். மற்றவர்களை ராணுவத்தாரும் எல்லைச் சாலை அமைப்பினரும் போலீசாரும் தோண்டி எடுத்துக் காப்பாற்றினார்கள்.

அன்றைய தினம் கொடுக்கப்பட்டிருந்த அனுமதிச் சீட்டு 13-ஆவது மைல் வரைக்கும்தான் என்றும், அதையும் மீறிப் பயணிகள் 15-ஆவது மைலுக்குப் போய்விட்டார்கள் என்றும் சிக்கிம் போலீசின் சோதனைச் சாவடி அதிகாரியே சொன்னார். இரண்டே மைல். அந்த இரண்டு மைலுக்குள் சாவு இருந்தது.

இதைப் படித்தவுடன் “அவர்கள் ஏன் மீறினார்கள்?” என்று கேட்பது சுலபம். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தபோது, அதே தவறை நானும் செய்யப் போனவன்தான் என்பது நினைவுக்கு வந்தது.

சுரங்கம் திறந்த பிறகு ஒரு ஏப்ரல் மாதம் நானும் அலுவலக நண்பர்கள் மூவரும் மணாலி போயிருந்தோம். சுரங்கத்தைத் தாண்டி, சந்திரா நதிக் கரையில் உள்ள சிஸ்ஸு கிராமத்தின் பக்கம் டாக்சியை நிறுத்தினோம். பகல் இரண்டு மணி இருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக் கொள்ளும் அளவுக்கு நல்ல வெயில். சாலை ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைச் சரிவு மேலே ஏறிப் போயிற்று. போட்டோ எடுக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஏற ஆரம்பித்தோம். முழங்கால் வரை கால் புதைந்தது. அதையும் ஒரு விளையாட்டாகவே எடுத்துக் கொண்டோம்.

கீழே டீக்கடை வைத்திருந்த கிழவர் ஒருவர் கையை ஆட்டிக் கூவினார். மேலே போகாதீர்கள், இறங்கி வாருங்கள் என்றார். “விடுங்க சார், டீ விக்கறதுக்காகக் கூப்பிடறார்” என்றார் நண்பர் ஒருவர். கிழவர் விடவில்லை. நாலு அடி ஏறி வந்து, சரிவின் மேல்புறத்தைச் சுட்டிக் காட்டினார். வெல்ல உருண்டை அளவில் சிறு சிறு பனி உருண்டைகள், யாரும் தொடாமலே, தாமாக உருண்டு வந்து கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சக்கரம் போன தடம் போல் ஒரு கோடு விட்டு வந்தது. “காலையில் வாருங்கள் பாபுஜி, எவ்வளவு வேண்டுமானாலும் ஏறுங்கள். இப்போது மலை தளர்ந்திருக்கிறது” என்றார் இந்தியில்.

மனமில்லாமல் இறங்கினோம். டீ குடித்தோம். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். அந்தச் சரிவு விழவில்லை. “பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை” என்றார் அதே நண்பர்.

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறுகிறவன் பத்து நாள் பிடிபடாமல் போய் வந்தால், டிக்கெட் தேவையில்லை என்று ஆகிவிடாது. பரிசோதகர் அந்தப் பத்து நாளும் வரவில்லை என்றுதான் அர்த்தம். பனிமலையும் அப்படியே. தவறு செய்தவனை ஒவ்வொரு தடவையும் தண்டிப்பதில்லை. பத்துத் தடவை விட்டுவிடுகிறது. அதனாலேயே அவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக் கொள்கிறான். பதினோராவது தடவை அபராதச் சீட்டு எழுதுவதில்லை.

பனி ஏன் சரிகிறது?

குளிர்காலம் முழுதும் பனி ஒரே கட்டியாக விழுவதில்லை. ஒரு பொழிவு, அதன் மேல் இன்னொரு பொழிவு என்று அடுக்கடுக்காக விழுகிறது. சில அடுக்குகள் இறுகிப் பலகை போல் ஆகின்றன. சில அடுக்குகள் ரவை போல், சர்க்கரை போல் ஒட்டாமல் கிடக்கின்றன. ஒட்டாத அடுக்கின் மேல் பலகை போன்ற அடுக்கு உட்கார்ந்திருந்தால், அது சாய்ந்த மேசையில் சர்க்கரையைத் தூவி அதன் மேல் கனமான புத்தகத்தை வைத்ததற்குச் சமம். புதுப் பனியின் பாரமோ, ஒரு மனிதனின் எடையோ போதும்; பலகை பிளந்து மொத்தமாக நழுவிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் இந்த வகைச் சரிவு.

வசந்தத்தில் வேறொரு வகையும் சேர்ந்து கொள்கிறது. பனித் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்திருப்பது மெல்லிய பனிக்கட்டிக் கழுத்துகள். பகல் வெயிலில் மேற்பனி உருகித் தண்ணீராகி உள்ளே இறங்கும்போது அந்தக் கழுத்துகள் கரைகின்றன. பாகு பதமாக இருக்கும் வரை உருண்டை நிற்கும். நீர் கூடினால் குழைந்து சரியும். நம் அடுக்களையில் நடப்பதே அங்கே மலையளவில் நடக்கிறது. உள்ளே இறங்கிய தண்ணீர் ஏதாவது ஓர் அடுக்கிலோ, அடியிலுள்ள பாறையிலோ தேங்கினால், எண்ணெய் தடவியது போல் ஆகிவிடுகிறது.

இரவில் வானம் தெளிவாக இருந்து நன்றாகக் குளிர்ந்தால் உருகினது மறுபடியும் உறைகிறது. ஆகவே காலையில் பனி சிமெண்டுத் தரை போல் இறுகியிருக்கும். வெயில் ஏற ஏறத் தளரும். கிழக்கு நோக்கிய சரிவு முதலில் தளரும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. காலையில் பத்திரமாகக் கடந்து போன அதே வழி மாலையில் பத்திரமாக இராது என்பதற்கு இதுவே காரணம். இரவு மேகமூட்டமாக இருந்து உறையாமல் போனாலோ, மழை பெய்தாலோ, காலை நேரத்தையும் நம்ப முடியாது.

ஈரப்பனி மெல்ல வரும், ஓடித் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். புதுப் பனி பஞ்சு போல் இலேசு. வசந்தத்து ஈரப்பனியோ, ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு எடுத்தால் நானூறு ஐந்நூறு கிலோ இருக்கும். அது நின்றவுடன் காங்கிரீட்டைப் போல் இறுகிவிடும். உள்ளே அகப்பட்டவனால் விரலைக்கூட அசைக்க முடியாது.

நேரக் கணக்கு கொடுமையானது. முழுதும் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே கடினம். மூச்சு முட்டித்தான் பலர் இறக்கிறார்கள். கேங்டாக்கிலிருந்தோ மணாலியிலிருந்தோ மீட்புக் குழு வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே உங்களைக் காப்பாற்றக் கூடியவர்கள் பெரும்பாலும் உங்கள் பக்கத்தில் நின்றவர்களே. அவர்களும் புதைந்து போனால் யாருமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

மலையேறும் பயிற்சி பெற்றவர்களுக்குச் சொல்லித் தர எனக்குத் தகுதியில்லை. அவர்களிடம் புதைந்தவரின் இருப்பிடம் காட்டும் கருவியும், மண்வெட்டியும், குத்திப் பார்க்கும் நீண்ட கம்பியும் இருக்கும். குடும்பத்தோடு போகிற குமாஸ்தாவும், நண்பர்களோடு போகிற தொழிலாளியும் கைக்கொள்ளக் கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். பனிச் சரிவு உள்ள இடங்களுக்கு அதிகாலையில் புறப்பட்டு, நண்பகலுக்கு முன் திரும்பிவிட வேண்டும். டாக்சிக்காரரிடம் பேரம் பேசும்போதே இதைப் பேசிவிடுங்கள். பத்து மணிக்குப் பூரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போய்ச் சேரும் நேரமே தப்பான நேரம்.

இரண்டாவது, சரிவு. முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி சாய்வில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் பிறக்கின்றன. அளந்து பார்க்கக் கருவி வேண்டாம். வீட்டு மாடிப்படியை நினைத்துக் கொள்ளுங்கள்; அவ்வளவு சாய்வோ அதற்கு மேலோ இருந்தால் ஆபத்தான சாய்வு. நீங்கள் சமதரையில் நின்றாலும், தலைக்கு மேலே அப்படி ஒரு சரிவு இருந்தால் அது உங்கள் சரிவுதான். நாதுலா சாலையில் இருந்தவர்கள் யாரும் சிகரம் ஏறப் போனவர்களல்லர்.

மூன்றாவது, தடம். தேவதாரு மரங்கள் அடர்ந்த மலையில் மேலிருந்து கீழ் வரை ஒரு பட்டை மட்டும் மரமே இல்லாமல் மொட்டையாக இருந்தால், முறிந்த மரங்கள் கிடந்தால், அது பனி வருஷா வருஷம் இறங்கும் பாதை. ஓடைப் பள்ளங்களும் அப்படியே. அங்கே உட்கார்ந்து கட்டுச்சாதம் பிரிக்கலாகாது; வண்டியை நிறுத்தலாகாது.

நான்காவது, அறிகுறி. பனி உருண்டைகள் தாமாக உருளுதல். கால் முழங்கால் மட்டும் புதைதல். பனியில் விரிசல் ஓடுதல். காலடியில் ‘தொம்’ என்று அமுங்கும் ஓசை. பக்கத்து மலையில் அன்றைக்கே விழுந்த புதுச் சரிவு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும். வாக்குவாதம் வேண்டாம்.

ஐந்தாவது, கடக்கும் முறை. பனி இறங்கும் பாதையைக் கடந்தே தீர வேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் மறுகரை சேர்ந்த பிறகே அடுத்தவர் போக வேண்டும். ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பிளாக்கில் ஒரே வண்டி. முன்னே போன வண்டி அந்தப் பிளாக்கை விட்டு வெளியேறியது தெரியாமல் அடுத்த வண்டிக்கு லைன் கொடுப்பதில்லை. அதே நியாயம்தான் இங்கும். கூட்டமாகப் போனால் பாரமும் கூடும். விழுந்தால் எல்லோரும் போவார்கள், தோண்ட ஆளிராது.

கூச்சல் போட்டால் பனி சரியும் என்று சினிமாவில் காட்டுவதை நம்பிப் பேசாமல் நடந்தால் போதும் என்று இருப்பவர்கள் உண்டு. மனிதக் குரலுக்கு அவ்வளவு வலுவில்லை. சரியச் செய்வது பாரமும் வெயிலுமே. ஆகவே நண்பர் ஆபத்தில் இருக்கக் கண்டால் தாராளமாகக் கத்துங்கள். சிஸ்ஸு கிழவர் கத்தியதால்தான் நாங்கள் இறங்கினோம்.

யாத்திரை போகிற பெரியவர்களுக்கும் இது பொருந்தும். கேதார்நாத் நடை சித்திரை, வைகாசியில் திறக்கும்போது, லிஞ்சோலிக்கு மேலே பாதை பனி ஓடைகளை வெட்டியே போகிறது. 2023 மே மாதத் தொடக்கத்தில் அந்த ஓடைகளில் பனி விழுந்து யாத்திரை தடைப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி ஹேம்குண்ட் சாஹிப் பாதையில் அட்லாகோட்டி என்ற இடத்தில் விழுந்த பனி ஒரு பெண்மணியின் உயிரைக் கொண்டு போயிற்று. ஜூன் மாதம், நம் ஊரில் அக்கினி நட்சத்திரம் முடிந்த வேளை! போலீசார் யாத்திரையை நிறுத்தினால் “சுவாமி பார்க்க வந்தவர்களைத் தடுக்கிறார்களே” என்று மனம் வருந்த வேண்டாம். கேதாரநாதன் மறுநாளும் அங்கேயே இருப்பார்.

போக முடியாது என்று சொல்ல முடியாதவர்கள்

இது வரை சொன்னது போகலாம், வரலாம் என்று முடிவு செய்யும் சுதந்திரம் உள்ளவர்களுக்கு. அந்தச் சுதந்திரம் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதிதான்.

நம் வண்டி போவதற்காக அந்தச் சாலையில் பனி வெட்டுகிறவர்கள் யார்? ஜார்க்கண்ட், பிகார், உத்தரப் பிரதேசம், நேபாளம் என்று எங்கிருந்தோ கூலிக்கு வந்தவர்கள். முன்பெல்லாம் காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் ஜோஜிலா கணவாய் குளிர்காலத்தில் ஆறு மாதம் வரை மூடிக் கிடக்கும். 2025-இல் 32 நாள் மட்டும் மூடியிருந்து ஏப்ரல் 1-ஆம் தேதி திறக்கப்பட்டது. இது பெருமைப்பட வேண்டிய சாதனைதான். எல்லையில் இருப்பவர்களுக்கு உணவும் மருந்தும் போக வேண்டும். ஆனால் சாலையை எவ்வளவு முன்னதாகத் திறக்கிறோமோ, அவ்வளவு முன்னதாகத் தொழிலாளி அந்தப் பனியின் அடியில் நிற்கிறான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2021 ஏப்ரல் 23-ஆம் தேதி உத்தராகண்டில், நீதிப் பள்ளத்தாக்கின் சும்னா பக்கம், சாலைத் தொழிலாளர் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. அதற்கு முன் சில நாட்களாக மழையும் பனியும் விடாமல் பெய்து கொண்டிருந்தன. முந்நூற்று எண்பதுக்கும் மேற்பட்டோரை ராணுவம் மீட்டது. பதினைந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜார்க்கண்ட் கூலிகள்.

2025 பிப்ரவரி 28-ஆம் தேதி விடியற்காலை, பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா கிராமத்தருகே, இரும்புக் கன்டெய்னர்களிலும் ஒரு கொட்டகையிலும் தூங்கிக் கொண்டிருந்த 54 தொழிலாளர்கள் பனியில் அகப்பட்டார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள். இது நண்பகல் வெயிலால் வந்ததல்ல. குளிர்காலக் கடைசியின் புதுப் பனிப் பொழிவால் வந்தது. முதல் நாள் மாலையே, சமோலி முதலிய மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியாகியிருந்தது.

இந்த எச்சரிக்கையை வெளியிடும் நிறுவனம் நேற்று முளைத்ததல்ல. 1969-இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென்று பாதுகாப்புத் துறை தொடங்கியது. 2020-இல் வேறோர் ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு இப்போது டி.ஜி.ஆர்.இ. என்ற பெயரில் சண்டீகரில் இயங்குகிறது. 1979 மார்ச்சில் லாஹௌல் பள்ளத்தாக்கில் பனிச்சரிவுகள் இருநூறு பேருக்கு மேல் பலி கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால், இன்று விஞ்ஞானம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. மலையின் எந்தப் பக்கம் எப்போது ஆபத்து என்று ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அறிவு சண்டீகரில் இருக்கிறது. பனி மாணாவில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறைப்பதுதான் இனிச் செய்ய வேண்டிய வேலை.

எங்கள் இலாகாவில் சிக்னல் சிவப்பாக இருந்தால் வண்டி நிற்கும். “லைன் காலியாகத்தானே தெரிகிறது” என்று டிரைவர் யோசிப்பதில்லை. வண்டி தாமதமானால் அதற்காக அவர் சம்பளம் வெட்டப்படுவதுமில்லை. இந்த இரண்டாவது விஷயம் முக்கியமானது. நின்றால் நஷ்டம் என்று ஒருவனுக்கு இருந்தால், அவன் சிவப்பைக் கூட மஞ்சளாகப் பார்ப்பான்.

ஆகவே சில காரியங்கள் உடனே நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

பனிச்சரிவு எச்சரிக்கை காரணமாக வேலை நின்ற நாளுக்குக் கூலி பிடிக்கலாகாது. அன்றாடக் கூலியை நம்பி இருப்பவனிடம் “ஆபத்து, வேலைக்குப் போகாதே” என்று சொல்லிவிட்டு அன்றைய கூலியை வெட்டினால், அந்த எச்சரிக்கை கண்துடைப்பு.

முகாமை எங்கே போடுவது என்பதை வேலைக்கு வசதியான இடம் பார்த்து முடிவு செய்யாமல், பனி இறங்கும் பாதைகளின் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் முகாமைக் காலி செய்ய வேண்டியது யார், எத்தனை மணிக்குள் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை தொழிலாளிக்குப் புரியும் மொழியில், மேஸ்திரியின் வாயால், அன்றன்று மாலை சொல்லப்பட வேண்டும். சோதனைச் சாவடியில் பயணிகளுக்கும் அவ்வாறே. “பனிச்சரிவுப் பகுதி” என்று துருப்பிடித்த பலகை ஒன்றை நட்டால் போதாது. இன்றைக்கு எந்த மைல் வரை, எத்தனை மணி வரை என்று சாக்கட்டியால் எழுதிய கரும்பலகை அதைவிட மேல். நாதுலா போன்ற இடங்களில் குறித்த மைலுக்கு அப்பால் வண்டி போகாதபடி கேட் போட்டுப் பூட்ட வேண்டும். வெறும் சீட்டை நம்பினால் என்னவாகும் என்று பார்த்தாயிற்று.

முகாமில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியல் தினசரி சரியாக இருக்க வேண்டும். மாணாவில் முதலில் 55 பேர் என்று கணக்கு. பிறகு, ஒருவர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டது தெரிந்து 54 ஆயிற்று. அவர் பிழைத்தது நல்ல காலம். ஆனால் இது மறுபக்கமாக நடந்து, பட்டியலில் பெயரில்லாத ஒருவன் பனிக்குள் கிடந்தால்? அவனைத் தேட யாரும் தோண்ட மாட்டார்கள். எங்கள் ரயிலில் யார் எந்தப் படுக்கையில் என்று சார்ட் தயாரிக்கிறோம். மலை முகாமுக்கு அது இன்னும் அவசியம்.

இவையெல்லாம் நடக்காத காரியங்கள் அல்ல. 2025 ஜனவரியில் திறந்த சோனாமார்க் சுரங்கம், பனி விழுந்து அடிக்கடி மூடிய சாலைத் துண்டு ஒன்றைத் தவிர்த்துக் கொடுத்திருக்கிறது. பணமும் மனமும் இருந்தால் ஆபத்தை விலக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. சுரங்கம் வெட்டக் கோடிக்கணக்கில் வேண்டும். கூலி வெட்டாமல் இருக்க அவ்வளவு வேண்டாம்.

நமக்கென்ன என்று இருக்க முடியாது

இமயமலையில் பனி விழுந்தால் நமக்கென்ன என்று நம்மில் யாரும் நினைக்கக் கூடாது. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் பனியில் புதைந்த பத்து வீரர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். பனியே காணாத தமிழ்நாட்டு ஊர்களுக்கு அந்த மாதம் சவப்பெட்டிகள் வந்தன. அது கடமைக்காகப் போன உயிர். போட்டோவுக்காகவும், “இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் போகாமல் திரும்புவதா” என்ற வீம்புக்காகவும் உயிர் போவது வேறு.

அந்த வீம்பு நமக்கு ஏன் வருகிறது என்பதும் தெரிந்ததே. வருஷத்தில் கிடைப்பதே நாலு நாள் லீவு. டாக்சிக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. பிள்ளைகள் பனியைத் தொட வேண்டுமென்று ஆறு மாதமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். பணமும் லீவும் நிறைய உள்ளவன் நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று திரும்புவான். நம் போன்றவர்களுக்குத்தான் நாளை என்பது இல்லை. ஆகவே பிளான் போடும்போதே ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக் கொள்ளுங்கள். நாலு நாளில் மூன்று நாளுக்கு மட்டும் திட்டமிட்டால், மலை ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் நாளில் தயங்காமல் திரும்பலாம்.

போகும் இடத்தில் ஒரு டீக்கடைக்காரரையோ, ஆடு மேய்ப்பவரையோ, பனி வெட்டும் தொழிலாளியையோ கேளுங்கள்: “இன்றைக்கு மேலே போகலாமா?” அவர் தலையை ஆட்டி மறுத்தால், ஏன் என்று கேட்காமலே திரும்புங்கள். டீ குடித்துவிட்டு அவரோடு பேசிக் கொண்டிருங்கள். அவர் வீட்டிலும் நம் வீட்டைப் போலவே மாதக் கடைசிக் கவலைதான் என்பது தெரியவரும். ஊர் திரும்பிய பின் அவருக்காகவும், அந்தச் சாலையில் பனி வெட்டுகிறவனின் கூலிக்காகவும் ஒரு வார்த்தை பேசுங்கள்; சங்கத்தில் பேசலாம், உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கார்டு எழுதலாம். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவன் படும் பாட்டை நமக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.